பெருமைக்குச் சொன்னது

மார்ச் 4, செவ்வாய்

பேராசிரியர் என் கட்டுரையின் பன்னிரண்டு பக்கங்களில் ஐந்தை அடித்துவிட்டார். நீதிபதியிடம் ஓராண்டு சட்ட உதவியாளர் வேலை. இருப்பது ஒரே இடம். விண்ணப்பத்தோடு நம் எழுத்தின் மாதிரி ஒன்றும் வைக்க வேண்டும், அதற்குத்தான் இந்தக் கட்டுரை. “உன் புலமை அவங்களுக்கு வேண்டாம். வழக்கு என்ன, சிக்கல் எங்க இருக்கு, அதை முதல் பக்கத்துலயே சொல்லு” என்றார். வலித்தது. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். அந்த ஐந்து பக்கமும் வெறும் அலட்டல்தான்.

மார்ச் 19, புதன்

விண்ணப்பம் போய்விட்டது. இந்த நீதிமன்றத்தில் உறவினர் எவரேனும் பணிபுரிகிறார்களா என்ற கேள்விக்கு, ‘ஆம், தந்தை, நகல் பிரிவு’ என்று எழுதினேன். அது தடையில்லை, விசாரித்துக்கொண்டேன். சிபாரிசுதான் கூடாது. தேர்வு முடியும்வரை நமக்காக யார் நீதிபதியிடம் பேசினாலும் விண்ணப்பம் ரத்து. அந்த அறிவிப்பை நகலெடுத்துப் பலகையில் ஒட்டியதே அப்பாதான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நேர்காணல். நீதிபதி குள்ளமான பெண்மணி. பேசும்போதெல்லாம் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“என் தீர்ப்பு வரைவுல தப்பு இருக்குன்னு தோணினா என்ன செய்வீங்க?”

பக்க எண்ணோடு எழுதித் தருவேன் என்றேன்.

“நான் ஏத்துக்கலைன்னா?”

“தீர்ப்பு உங்களோடது. குறிப்பு என்னோடது.”

சிரித்தார். கட்டுரையின் முதல் பக்கம் நன்றாக இருக்கிறது என்றார். வீட்டில் அப்பா இதை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

ஏப்ரல் 11, வெள்ளி

கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றுகூட இல்லை — ரத்து. ‘தேர்வு நடந்துகொண்டிருக்கையில் விண்ணப்பதாரரின் தந்தை நீதிபதியிடம் பேசியமையால்.’

அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை தாழ்வாரத்தில் நீதிபதி எதிரே வந்தாராம். அப்பா ஒதுங்கி நின்று வணங்கினாராம்.

“நேத்து வந்த பொண்ணு என் பொண்ணுங்கன்னு மட்டும்தாம்மா சொன்னேன். வேற ஒண்ணும் கேக்கல. பெருமையா இருந்துச்சு. வாயில வந்துடுச்சு.”

“முப்பது வருஷமா வாயைத் திறக்காம வேலை பார்த்தீங்களே. இந்த ஒரு வாரம் முடியலையா?”

அம்மா அதட்டினாள். நான் நிறுத்தவில்லை. என்னென்னவோ சொன்னேன். எழுதவே கூசுகிறது.

ஏப்ரல் 12, சனி

அப்பாவோடு பேசவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

மேல்முறையீடு செய்யலாமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். “அந்தம்மா அதைக் கண்டுக்காம விட்டிருந்தா உனக்கு வேலை கிடைச்சிருக்கும். அப்படி விடுற நீதிபதிகிட்ட உனக்கு வேலை வேணுமா?” என்றார். சரியான பேச்சு. சரியான பேச்சை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஜூன் 16, திங்கள்

அப்பா தானாகவே எழுதிக் கொடுத்து அடித்தளத்துப் பதிவறைக்கு மாறிவிட்டாராம். போன மாதமே. அம்மா இன்றுதான் சொன்னாள். அங்கே ஜன்னல் கிடையாது. எந்த நீதிபதியும் அந்தப் பக்கம் போவதில்லை. அதற்காகத்தானா? கேட்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

வழக்கறிஞர் ஒருவரிடம் ஜூனியராகச் சேர்ந்து மூன்று வாரம். பழைய தீர்ப்பு ஒன்றைப் பார்த்து வர இன்று பதிவறைக்கு அனுப்பினார். கவுன்டரில் அப்பா. பக்கத்தில் இன்னொரு எழுத்தர்.

என் படிவத்தை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். “வழக்கு வருஷம் விட்டுப்போச்சுங்க மேடம். எழுதிக் குடுங்க.” தலை நிமிரவில்லை.

எழுதிக் கொடுத்தேன். உள்ளே போய் அந்த வழக்கின் கோப்பை எடுத்து வந்து, தன் கைக்குட்டையாலேயே தூசியைத் துடைத்து, என் பக்கம் தள்ளி வைத்தார். “உக்காந்து பாருங்க.”

அதற்குமேல் என்னால் ஆகவில்லை.

“சாப்பிட்டாச்சாப்பா?” என்றேன். மூன்று மாதத்தில் முதல் பேச்சு.

பக்கத்து எழுத்தர் நிமிர்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா பதிவேட்டில் வழக்கு எண்ணை எழுதினார். அடித்தார். மறுபடி எழுதினார்.

“இன்னும் இல்லம்மா” என்றார்.