கையில் வந்த கெண்டை

ஜூலை 14, ஞாயிறு

இன்னும் நம்ப முடியவில்லை. இரண்டு மாதமாக யாரிடமும் கேட்காமல் நானே தூண்டில் போட்டுப் பழகி, இன்றுதான் லஷீன் கால்வாயில் முதல் கெண்டை மாட்டியது. முழங்கை நீளம். பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த வெள்ளைக்காரர் ஓடிவந்து தன் கைவலையில் அதை ஏந்தினார். நான் உடனே மனைவி யோகத்துக்குப் போன் எடுத்தேன்.

"புளியைக் கரைச்சு வையும், மீன் வருது."

"மெய்யாவோ? ரெண்டு மாசமா நீங்கள் மீனுக்கெல்லோ சாப்பாடு போட்டனீங்கள்!" என்று சிரித்தாள்.

திரும்பிப் பார்க்கிறேன், அந்த மனிதர் முள்ளைக் கழற்றி, என் மீனைக் கைக்குழந்தைபோல ஏந்தித் தண்ணீரில் விடுகிறார். "பிராவோ, மெஸ்யூ!" என்று கையை நீட்டினார். இங்கே பிடிப்பதே திரும்ப விடுவதற்குத்தானாம். என் மீனை விட்டுவிட இவர் யார்? ஆனாலும் திகைப்பில் நானும் கை குலுக்கிவிட்டேன். அதுதான் மனம் ஆறவில்லை.

வீட்டில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. யோகம் என் வெறும் பையைப் பார்த்தாள். நாலு உருளைக்கிழங்கை வெட்டி அதில் போட்டாள். சிரித்திருந்தாலாவது சண்டை பிடித்திருப்பேன்.

நாளை முதல் வேலையாக எனக்கென்று ஒரு கைவலை வாங்க வேண்டும்.