கேட்காமல் போன அலாரம்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து பல் வலி. மதியம் அதைவிடப் பெரிய வலி வந்தது. நாங்கள் செய்யும் மருந்து பம்ப், அதாவது நோயாளியின் ரத்தநாளத்துக்குள் சொட்டுச் சொட்டாக மருந்தை ஏற்றும் பெட்டி, ஒரு மருத்துவமனையில் குழாய் அடைத்து நின்றுபோயிருக்கிறது. அலாரம் அடிக்கவில்லை. நோயாளி மயிரிழையில் பிழைத்தார்.

பம்பின் பதிவில், யாரோ அலாரத்தை நிறுத்தும் பொத்தானை அமுக்கியதாக இருக்கிறதாம். அமுக்கிய நர்ஸை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"டிரைவர்ல தப்பு இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க, போதும்" என்றார் மேலாளர். பார்க்காமல் எப்படி எழுதுவது? பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

மார்ச் 5, புதன்

ஒன்றும் கிடைக்கவில்லை. சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: "டிரைவர் டிரைவர்ங்கறியே, ஒருத்தனாவது லைசென்ஸ் வச்சிருக்கானா?" பம்பின் மோட்டாரையும் பொத்தான்களையும் உள்ளே இருக்கும் கணினியோடு பேசவைக்கிற நிரலுக்குப் பெயர்தான் டிரைவர் என்று எத்தனை முறை சொல்வது! சிரித்ததில் பல் இன்னும் வலித்தது.

மார்ச் 7, வெள்ளி

நர்ஸை அவள் வீட்டில் பார்க்கப் போனேன். மேலாளருக்குத் தெரியாது. என்னைவிடச் சின்னப் பெண். வாசலில் நிற்கவைத்தே பேசினாள்.

"பேட்டரி கம்மின்னு கத்துச்சு. அதை அமுக்கினேன். அடைப்புன்னு எதுவும் வரவே இல்ல. இதையே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீங்களும் கேட்டுக்கிட்டுப் போங்க."

நம்புகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. என் நம்பிக்கையை வைத்து அவள் என்ன செய்வாள்? அவளுக்கு வேண்டியது ஆதாரம்.

வழியெல்லாம் ஒரே யோசனை. பேட்டரி அலாரமும் அடைப்பு அலாரமும் நிரலுக்குள் ஒரே இடத்தில்தானே இருக்கின்றன?

மார்ச் 10, திங்கள்

ஆமாம், ஒரே இடம்தான். எல்லா அலாரங்களும் ஒரே எண்ணுக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. பொத்தானை அமுக்கினால் டிரைவர் அந்த எண்ணை எடுக்கிறது, பேட்டரி அலாரத்தை அழிக்கிறது, மீண்டும் அதே இடத்தில் வைக்கிறது. எடுத்ததற்கும் வைத்ததற்கும் நடுவே, இமைப்பொழுதுகூட இல்லாத அந்த இடைவெளியில், மோட்டார் வந்து 'அடைத்துக்கொண்டது' என்று எழுதினால்? கையிலிருக்கும் பழைய எண் அதன் மேல் போய் உட்கார்ந்துவிடும். அடைப்பு அடையாளமில்லாமல் அழிந்துபோகும். மிஞ்சுவது, ஒருத்தி பொத்தானை அமுக்கினாள் என்பது மட்டும்.

டேட்டா ரேஸ். ஒரே தகவலுக்கு இரண்டு கைகள் முந்துகின்றன.

ஆனால் நினைப்பது வேறு, நிரூபிப்பது வேறு. ஆபீஸில் இருக்கும் பம்பின் பொத்தானை விரல் வலிக்க அமுக்கினேன், நடக்கவில்லை. நடப்பதைக் கவனிக்க நிரலில் சில வரிகள் சேர்த்தால் வேகம் மாறி, நடக்கிற வாய்ப்பே போய்விடுகிறது. ஆள் பார்த்தால் மட்டும் சாதுவாகப் படுத்துக்கொள்ளும் திருட்டுப் பூனை.

மார்ச் 11, செவ்வாய்

இந்த டிரைவரை எழுதியவர் என் பக்கத்து இருக்கைக்காரர். எதைக் காட்டினாலும் "இங்க ஒரு பூட்டுப் போடுங்க" என்பார்; ஒரு கை வேலையை முடிக்கும்வரை இன்னொரு கை நுழையாமல் தடுக்கும் நிரல் பூட்டு. அதனால் அவர் பெயரே பூட்டு. அவரே இந்த இடத்தில் பூட்ட மறந்திருக்கிறார்.

சொன்னேன். "இத்தனை வருஷமா ஓடுது, ஒரு புகார் இல்லையே" என்றார்.

"ஓடினா சரின்னு அர்த்தமா?"

அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 12, புதன்

எடுப்பதற்கும் வைப்பதற்கும் நடுவே வேண்டுமென்றே ஒரு தாமதத்தைச் செருகினேன். பேட்டரி அலாரம் அடித்தது. பொத்தானை அமுக்கி, உடனே குழாயை மடித்துப் பிடித்தேன்.

அமைதி. மோட்டார் நின்றுவிட்டது. திரையில் எல்லாம் பச்சை. மறுபடி செய்தேன். மறுபடியும் அதே பச்சை.

கிடைத்துவிட்டது. துள்ளிக் குதிக்க வேண்டியவள்தான். முடியவில்லை — ஐயோ, அந்தப் பொண்ணு சொன்னது அத்தனையும் நிஜம்.

மார்ச் 13, வியாழன்

பூட்டுப் போட்டேன். பெட்டியே உறைந்துபோனது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்து இருக்கையிலிருந்து அவர் எழுந்து வந்தார்.

"பொத்தான் பூட்டைப் பிடிச்சிருக்கு. மோட்டார் அதை நிறுத்திட்டுக் குறுக்க வந்து அதே பூட்டைக் கேக்குது. இவன் விட்டாத்தான் அவன் போவான், அவன் போனாத்தான் இவன் விடுவான். பூட்டியிருக்கற நேரம் மட்டும் மோட்டார் குறுக்க வராம தடுங்க."

மாற்றினேன். குழாயை மடித்தேன். அலாரம் காதைக் கிழித்தது. இருவரும் அதை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தோம்.

மார்ச் 14, வெள்ளி

"'நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது'ன்னு போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்" என்றார் மேலாளர். பொய்யில்லைதான். ஆனால் அதைப் படித்துவிட்டு யார் அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடுவார்கள்?

நான் எழுதியது: 'ஓர் அலாரத்தை நிறுத்தும் கணத்தில் வேறோர் அலாரம் அழிந்துபோகக்கூடும். பொத்தானை அமுக்கியவருக்கு அது தெரிய வழியில்லை.'

"கம்பெனி பேரு என்னாகறது?"

"இன்னொரு ஆஸ்பத்திரியில இதே நடந்தா என்னாகும்?" என்றேன்.

பூட்டு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எழுதினது நான். என் பேரையும் சேர்த்துப் போட்டுக்கங்க. அவங்க எழுதின மாதிரியே போகட்டும்."

மேலாளர் நான் எழுதியதை இன்னொரு முறை படித்தார். பிறகு, "நானே அனுப்பறேன்" என்றார்.

மார்ச் 17, திங்கள்

பல்லைப் பிடுங்கியாயிற்று. மருத்துவமனையிலிருந்து பதில் இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

புதிய நிரலை ஏற்ற அந்த மருத்துவமனைக்கே போனேன். வார்டில் அவள் இருந்தாள், சீருடையில். என்னை அடையாளம் தெரிந்தது, சிரிக்கவில்லை.

நான் வேலையை முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். பிறகு பெட்டியை நோயாளிக்கு மீண்டும் இணைத்தாள். பேட்டரி அலாரம் அடித்ததும் பொத்தானை அமுக்கினாள், குனிந்து, குழாயை முனையிலிருந்து நோயாளியின் கைவரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கோச்சுக்காதீங்க. உங்க பெட்டி மேல எனக்கு இன்னும் நம்பிக்கை வரல."

"வர வேண்டாம். இப்படியே தொட்டுப் பாருங்க" என்றேன்.

அடுத்த கட்டிலுக்கு என் கருவி வண்டியைத் தள்ள அவளும் ஒரு கை கொடுத்தாள்.