கத்தாரில் கேட்ட கியர் சத்தம்

வெள்ளிக்கிழமை

இன்று அசர் தொழுதுவிட்டு, காருக்கு நானே கியர் ஒயில் மாற்றினேன். கத்தாரில் இருக்கும் என் கணவர் வாட்ஸ்அப் கோலில் இருந்தபடி சொல்லித் தந்தார். வடிந்த பழைய ஒயில் சுருமா மாதிரிக் கறுத்திருந்தது. அதே அளவு புதியதை ஊற்ற வேண்டுமாம். ஆனால் பழையதில் கொஞ்சத்தை வளவு மணலில் சிந்திவிட்டேன். அதை அவரிடம் சொல்லாமல், குத்துமதிப்பாக மூன்று போத்தல் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணி, ரிவர்ஸ் போட்டேன்.

“கியர் சுணங்கிப் புடிக்குது புள்ள. இன்னும் அரைப் போத்தல் ஊத்து.”

ஊற்றினேன். உடனே பிடித்தது. சுப்ஹானல்லாஹ், இத்தனை கடல் தாண்டி அது அவர் காதில் எப்படி விழுந்தது?

போத்தல் மூடியைத் திருகும்போது அவரே கேட்டார்: “உன்ட மூச்சும் சரியில்லயே. டொக்டர் என்ன சொன்னார்?”

டொக்டரிடம் போனதையே நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.