கால் ஒடிந்தால் என்ன ஆகும் என்று கேட்டவளுக்கு

அம்மா,

இன்று காலை எங்கள் பள்ளி மைதானத்துக்குப் புது மெத்தை வந்தது. உயரம் தாண்டுகிற பிள்ளைகள் விழுவதற்கான பெரிய மெத்தை. லாரியிலிருந்து இறக்கி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்ததும் ரெக்சினும் நுரைப்பஞ்சும் கலந்த வாசனை குப்பென்று அடித்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறினேன். நடுவில் மண்டியிட்டு, உள்ளங்கையை வைத்து உடம்பின் பாரம் முழுவதையும் அழுத்தினேன். பிறகு நாலு ஓரத்திலும் முஷ்டியால் குத்திப் பார்த்தேன்.

மெத்தை கொண்டுவந்தவர் சிரித்துவிட்டார். "இன்னா டீச்சர், மாவு பெசையறீங்க?"

எனக்கும் சிரிப்பு வந்தது. என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், சென்னையில் அத்தனை பேர் பார்க்க, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீ செய்த வேலை அது. அன்று உன்னை எனக்குத் தெரியாதது போல நான் தள்ளி நின்றிருந்தேன்.

நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று இன்றுதான் தோன்றியது.

பிளஸ் டூ படிக்கும்போது கோலூன்றித் தாண்டுவதில் மாநிலத்தில் இரண்டாவதாக வந்தேன். செஞ்சியில் அதுவரை யாருக்கும் அந்த விளையாட்டே சரியாகத் தெரியாது. கோலைத் தோளில் வைத்துக்கொண்டு பஜார் வழியாகப் போனால் "பந்தல் போடவா பாப்பா?" என்று கேட்பார்கள். நைனாவுக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. நிலக்கடலை மூட்டை எடைபோட வந்தவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து, பேப்பரில் வந்த என் போட்டோவைக் காட்டினார்.

நீ போட்டோவைப் பார்த்தாய். "முட்டியில இன்னா சிராய்ப்பு?" என்று கேட்டாய்.

நீ எப்போதும் அப்படித்தான். நான் தாண்டியதை நீ ஒரு நாளும் பார்த்ததில்லை. பள்ளி மைதானத்துக்கு வருவாய், வேலியோரம் நிற்பாய். நான் கோலைத் தூக்கி ஓட ஆரம்பித்ததும் ராஜகிரி மலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். தொப்பென்ற சத்தம் கேட்டபிறகுதான் திரும்புவாய். அப்போது எங்களுக்கு மெத்தை ஏது? மணல் குழி, அதன்மேல் சாக்கு. முதல் நாள் அந்தக் குழியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாய். மறுநாள் வைக்கோல் திணித்த எட்டுச் சாக்கோடு டி.வி.எஸ். பிஃப்டியில் நைனாவை அனுப்பினாய். மழை பெய்த மறுநாளெல்லாம் நீயே வந்து ஈர வைக்கோலைக் கொட்டிவிட்டு வேறு வைக்கோல் அடைத்தாய். என் பி.டி. டீச்சர் என் ஓட்டத்தை எண்ணினார். நீ சாக்கை எண்ணினாய்.

மாநிலப் போட்டி முடிந்ததும் இரண்டு கல்லூரிகளிலிருந்து கூப்பிட்டார்கள். ஒன்று சென்னையில், பேர் சொன்னால் எல்லாரும் புருவத்தைத் தூக்குகிற கல்லூரி. இன்னொன்று பக்கத்து மாவட்டத்தில், பஸ் நிறுத்தத்தில் இறங்கி வழி கேட்டால்கூட இரண்டு பேருக்கு ஒருவர்தான் சொல்லக்கூடிய கல்லூரி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் நைனாவும் நினைத்தோம்.

சென்னைக்கு நீதான் துணைக்கு வந்தாய். நைனாவுக்கு அது அறுவடை நேரம். என் கோலை பஸ்ஸில் மேல் தட்டின் நீளத்துக்கு வைத்துக் கயிற்றால் கட்டினோம். "இன்னாம்மா இது, கொடிக்கம்பமா?" என்று கண்டக்டர் கத்தினார். திண்டிவனம் தாண்டும்வரை நீ ஒரு கையைத் தூக்கி அதைப் பிடித்துக்கொண்டே வந்தாய்.

அந்த மைதானத்தைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. சிவப்பு ஓடுபாதை, கண்ணாடி போட்ட ஜிம், நீல மெத்தை. அன்று நான் நன்றாகத் தாண்டினேன். இரண்டு மீட்டர் எண்பதைத் தொடாமல் தாண்டினேன். கோச் கைதட்டினார். நீ மெத்தை மேல் ஏறி அழுத்திப் பார்த்தாய்.

பிறகு அவருடைய அறையில் உட்கார்ந்தோம். அவர் என்னிடம் பேசிக்கொண்டிருந்தபோது நீ குறுக்கே கேட்டாய்.

"சார், பொழுது சாயறதுக்குள்ள ஹாஸ்டல்ல சாப்பாடு குடுப்பாங்களா? நாங்க ஜைனருங்க. இருட்டினப்பறம் சாப்புட மாட்டோம்."

"பிராக்டிஸ் முடியவே ஏழாகும்மா. எட்டு மணிக்குத்தான் மெஸ்."

நீ தலையாட்டினாய். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"இவளுக்கு காலு கீலு ஒடிஞ்சா இன்னா பண்ணுவீங்க?"

அவர் சிரித்தார். "ஏம்மா, நல்ல காரியம் பேசறப்ப இப்படியா கேப்பாங்க?"

"இல்ல சார். ஒடிஞ்சா இன்னா ஆவும்? படிப்பு இருக்குமா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"ஆயிட்டா?"

எனக்கு அந்த மேஜைக்கு அடியில் புகுந்துவிடலாம் போலிருந்தது. அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. ஒவ்வொரு வருஷமும் பர்ஃபாமன்ஸைப் பார்ப்போம், அப்போதைக்கு முடிவெடுப்போம் என்றார். நீ மறுபடியும் தலையாட்டிவிட்டு எழுந்தாய்.

செஞ்சி வரும்வரை உன்னோடு பேசவில்லை. நீ நீட்டிய முறுக்கைக்கூட வாங்கவில்லை.

அடுத்த வாரம் இரண்டாவது கல்லூரிக்குப் போனோம். மண் ஓடுபாதை. மெத்தையில் அங்கங்கே ஒட்டு. ஆனால் நீ அழுத்திவிட்டு, "கனமா இருக்குது" என்றாய். அங்கே உடற்கல்வி இயக்குநர் ஒரு அம்மா. தலையில் பாதி நரை, காலில் கேன்வாஸ் ஷூ. அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டாய். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒடிஞ்சா ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போவோம். ஆறினதும் கிளாசுக்கு வருவா. சீட்டு அவளோடதும்மா. அதுக்கப்பறம் அவ ஒருநாள்கூட தாண்டலன்னாலும் டிகிரி முடிக்கறவரைக்கும் அவளோடதுதான்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"பிரின்சிபால்கிட்டயே வாங்கித் தரேன்."

சாப்பாட்டுக்கும் அவரே வழி சொன்னார். சமையல்கார அம்மா ஐந்தரைக்கு டப்பாவில் போட்டு மைதானத்துக்கே கொடுத்தனுப்புவாராம்.

வீட்டில் அன்று பெரிய சண்டை. நைனா சென்னைதான் என்றார். நான் அழுதேன், கத்தினேன், இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். நோன்பு இருந்து பழகிய வீட்டில் அதற்கெல்லாம் யாரும் பயப்படவில்லை. கடைசியில் உன் முகத்துக்கு நேராகச் சொன்னேன்: "நான் பெரிய ஆளா வர்றது உனக்குப் புடிக்கல."

நீ முறத்தைக் கீழே வைத்தாய். கோபப்படுவாய் என்று எதிர்பார்த்தேன்.

"நீ மேல போறத பாக்க ஊரே இருக்குது. கீழ வர்றத பாக்க யாரு இருக்கான்னு கேட்டேன். அந்தாளு பதில் சொல்லல. நீ சென்னைக்கே போ, நான் தடுக்கல. ஆனா அந்தக் கேள்விக்குப் பதில் வாங்கினு போ."

உன் வாயை அடைக்கவேண்டும் என்றுதான் மறுநாள் நைனாவின் போனை எடுத்துக்கொண்டு களத்துப் பக்கம் போனேன். கோச் எடுத்தார். எப்போது வந்து சேரப்போகிறேன் என்று உற்சாகமாகக் கேட்டார். நான் தயங்கித் தயங்கி, "சார், ஒருவேளை எனக்கு அடிபட்டா..." என்று ஆரம்பித்தேன்.

"உங்க அம்மா மாதிரியே பேசறியேம்மா," என்றார். "இப்படிப் பயந்தா நீ எப்படி ஜம்ப் பண்ணுவ?"

அவர் கெட்டவரில்லை, அம்மா. இப்போது யோசித்தால் அவருக்கும் பதில் தெரிந்திருக்காது என்று படுகிறது. ஆனால் போனை வைத்தபிறகு காயப்போட்ட கடலையின் நடுவில் வெகுநேரம் நின்றேன். உன் வாயிலிருந்து வந்தபோது அசிங்கமாக இருந்த கேள்வி என் வாயிலிருந்து வந்தபோது நியாயமாக இருந்தது. வீட்டுக்குள் வந்து, "நான் இங்கயே பக்கத்துல சேர்றேன்" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டாம் வருஷம் அடிபட்டது. நீ அழுத்திப் பார்த்த அந்தக் கனமான மெத்தை அன்று எந்த உதவியும் செய்யவில்லை. ஊன்றிய கோல் நிமிராமல் என்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. ஓட்டப்பாதையிலேயே விழுந்தேன். வலது முட்டியில் தசைநார் அறுந்துவிட்டது. ஆபரேஷன், கட்டு, ஊன்றுகோல் என்று எட்டு மாதம்.

இயக்குநர் அம்மா சொன்னபடியே செய்தார். ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு நாளும் அவர்தான் இருந்தார். என் அறையை மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றினார். சமையல்கார அம்மா ஐந்தரை மணி டப்பாவை இப்போது என் கட்டிலுக்கே கொண்டுவந்தார். சென்னைக் கல்லூரி என்னை வெளியே அனுப்பியிருக்குமா? எனக்குத் தெரியாது. வைத்துக்கொண்டும் இருந்திருக்கலாம். ஆனால் என்ன செய்வார்களோ என்று எட்டு மாதம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்படி எனக்கு நேரவில்லை. முட்டி வலித்தது. அது மட்டும்தான் வலித்தது.

நீ சனிக்கிழமை தோறும் வருவாய். ஒரு சனிக்கிழமை என் காலுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"நீ அன்னிக்குக் கேட்டது சரிம்மா."

நீ நிமிரவில்லை. "சரின்னு தெரிஞ்சி கேக்கல. பயந்துகினு கேட்டேன். என் பயம் பொய்யாப் போவணும்னுதான் தெனமும் வேண்டிக்கினேன்." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சாப்டியா?" என்றாய்.

மூன்றாம் வருஷக் கடைசியில் மறுபடி தாண்டினேன். பழைய உயரத்துக்குப் போகவே இல்லை. இரண்டு மீட்டர் அறுபது, அவ்வளவுதான். நீ வந்திருந்தாய். அங்கே மலை இல்லாததால் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். டிகிரி முடிந்தது, உடற்கல்விப் படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது. எனக்கு அது போதும் என்று தெரிவதற்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. உனக்கு முதலிலேயே தெரிந்திருந்தது.

போன வருஷம் உன் இருதயம் பலவீனமானபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் எல்லாரும் நல்ல வார்த்தையாகவே பேசினார்கள். டாக்டரும் அப்படித்தான் ஆரம்பித்தார். நான் அவர் எதிரில் உட்கார்ந்து, "ஆபரேஷன் பண்ணி அது சரியா வரலைன்னா எங்க அம்மாவுக்கு இன்னா ஆகும்?" என்று கேட்டேன். அவர் வேறு ஏதோ சொன்னார். நான் மறுபடியும் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உண்மையைச் சொன்னார். உன்னிடம் அதை மறைக்காமல் சொன்னேன். "வூட்டுக்குப் போலாம்" என்றாய். கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். பதினேழு நாள் வீட்டில் இருந்தாய். குழாய் இல்லாமல், ஊசி இல்லாமல், உன் கட்டிலில்.

பக்கத்து வீட்டார் இன்றும் கேட்கிறார்கள், ஆபரேஷனைச் செய்து பார்த்திருக்கலாமே என்று. அழுகை வருகிறது. ஆனால் உறுத்தல் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டோம். பதிலைத் தெரிந்துகொண்டுதான் முடிவெடுத்தோம். மனசு லேசாகத்தான் இருக்கிறது, அம்மா. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். அசிங்கமாகத் தோன்றினாலும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். பதில் வரும்வரை எழுந்திருப்பதில்லை.

அந்தப் பதினேழு நாளில் ஒரு நாள் மத்தியானம். உன் கட்டிலை வாசலுக்கு எடுத்துப் போட்டிருந்தோம். வேப்பமர நிழல் உன் காலில் ஆடிக்கொண்டிருந்தது. அத்தனை வருஷத்தில் கேட்காததை நீ கேட்டாய்.

"ஏன் பொண்ணு, அந்தக் கம்பிக்கு மேல போறப்ப எப்படிடி இருக்கும்?"

"ஒரே நிமிஷந்தாம்மா. சத்தமே இருக்காது. கீழ எங்க விழப்போறோம்னு நெனப்பே வராது."

நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய்.

"எப்படி வரும்? அந்த நெனப்பெல்லாம் என்கிட்டல்ல இருந்துச்சி."