கோயிலுக்குப் போன மீன் எண்ணெய்

வெள்ளிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸ்.

இப்பதான் படபடப்பு அடங்குது.

கடையில மீன் பொரிச்ச எண்ணெயை நான் வாசல் லொங்காங்ல, அதான் சாக்கடையில, ஊத்துறதில்ல. காலி நல்லெண்ணெய் டின்னுல சேர்த்து வைப்பேன். வெள்ளிக்கிழமை லோரிக்கார அண்ணன் வந்து எடுத்துட்டுப் போவாரு. அதுல டீசல் செய்றாங்களாம். டின்னைக்கூட வீசக்கூடாதுன்னு நெனச்ச என் கெட்டிக்காரத்தனம்தான் இன்னைக்கு வம்பாப் போச்சு.

மத்தியானம் லோரி வந்துச்சு. மேசைக்கு அடியில இருந்த டின்னைத் தூக்கினா, சீல்கூட உடையல. புது நல்லெண்ணெய்! அப்போ காலையில என் வீட்டுக்காரர் கோயில் விளக்குக்குக் கொண்டுபோய்க் குடுத்தது?

அண்ணனை நிக்கச் சொல்லிட்டு, செருப்புகூட மாட்டாம கோயிலுக்கு ஓடினேன். மீன் எண்ணெயில அம்மனுக்கு விளக்கேத்தினா ஊரே காறித் துப்பும்.

குருக்கள் என்னைப் பார்த்ததும் சிரிச்சிட்டாரு. "மூடியைத் திறந்ததுமே வாடை தூக்குச்சு. ஒரு சொட்டுகூட ஊத்தலம்மா, வெளியில ஓரமா வச்சிருக்கேன்."

எனக்கு அழுகையே வந்துடுச்சு. அதை எதுக்குச் சேர்த்து வைக்கிறேன்னு மூச்சு விடாம சொன்னேன். அவரு மெதுவா கேட்டாரு: "வடை சுட்ட எண்ணெயும் எடுப்பாங்களா? நம்ம மடப்பள்ளி எண்ணெய் எல்லாம் லொங்காங்லதான் போகுது. போன மாசம்கூட அடைச்சுக்கிச்சு. இந்த வாரத்து எண்ணெய் இன்னும் ஊத்தாமத்தான் கிடக்கு."

கையோட ஓடிப்போய் லோரியைக் கோயிலுக்கே கூட்டிட்டு வந்தேன். கோயில் எண்ணெய் மூணு டின்னு ஏறுச்சு, என்னோடது ஒண்ணு.

வீட்டுக்காரர் மன்னிப்பு கேக்கவே இல்ல. "நான் மாத்திக் குடுத்ததாலதான் கோயிலுக்கு லோரி வந்துச்சு லா"ன்னு சொல்லிட்டுக் குறட்டை விடுறாரு. நான் எழுந்துபோய் அடுத்த காலி டின்னு மேல 'மீன்'னு பெருசா எழுதி வச்சிட்டேன்.