கதையோடு போன புடவை

என் வீட்டுக்காரருக்கு,

நேரில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதித் தறிமேல் வைக்கிறேன்.

சினிமாக் கம்பெனிகளிடம் கதைகளைக் கொண்டுபோகும் ஏஜென்டுகள் பதினோரு பேருக்கு எழுதினேன். ஒரே ஒருவர்தான் என் கதையை அனுப்பச் சொன்னார். வெறுங்கையோடு அனுப்பக்கூடாதென்று நீங்கள் எனக்குத் தெரியாமல் அந்தப் பார்சலில் ஒரு பட்டுப்புடவையையும் வைத்திருக்கிறீர்கள்.

இன்று அவர் போன் செய்தார். "பார்டர் சூப்பர்மா! வீட்டுல அதையே கட்டிகினு சுத்தறாங்க. மயில்கழுத்து கலர்ல ஒண்ணு கெடைக்குமா?"

"கதை படிச்சீங்களா சார்?"

"எந்தக் கதைம்மா?"

அவரை விடுங்கள். புடவை மடிப்பை நாலு தரம் சரிபார்த்து வைத்திருப்பீர்கள். அதனடியில் இருந்த கதையில் ஒரு பக்கமாவது புரட்டினீர்களா? இரண்டு வருடமாக இதே வீட்டில்தானே எழுதினேன்!

இன்னொரு பிரதி இதோடு இருக்கிறது. மயில்கழுத்தை அப்புறம் நெய்யலாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் கதை எழுதுகிறவள்