வாருகோல் சத்தத்துக்கு வரும் கரிச்சான்களைக் காப்பாற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
ஃபிலோமேன் எஸ்பரோன்,
தோட்டப் பணியாளர் (பத்தொன்பது ஆண்டுகளாக),
விருந்தினர் விடுதி, பெத்தித் ரோஸ் தீவு, செஷல்ஸ்.

பெறுநர்:
வனவுயிர் அலுவலர் அவர்கள்,
விக்டோரியா, மாஹே.

பொருள்: வரும் வியாழன் காலை தீவு முழுவதும் கரப்பான் மருந்து தூவுவதைத் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அருகிவரும் இனமென்று தங்கள் ஆட்கள் இத்தீவில் கொண்டுவந்து விட்ட குண்டுக்கரிச்சான் குருவிகள் தரையில் இரை பொறுக்குபவை என்பது தாங்கள் அறியாததல்ல. விடிந்ததும் நான் இரும்புப் பல் வாருகோலால் சருகு வாரும் சத்தம் கேட்டால் போதும், கிளறிய மண்ணில் ஓடும் பூச்சிக்காக என் கால் பக்கத்தில் வந்து நிற்கும். காலைத் தள்ளி வை என்பதுபோல் பார்க்கும். அவ்வளவு திமிர்.

2. ஞாயிறு மாலை, சமையற்கட்டின் பின்புறம் மேலாளர் திரு. ரெஜினால்ட் உவரோ மருந்து தூவச் செய்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேற்றுக் காலை வழக்கம்போல் வாரினேன். கரப்பான்கள் ஓடாமல் மல்லாந்து கிடந்தன. இங்கே கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் ஜோடியில் பெண் குருவி, அவற்றில் மூன்றைத் தின்றது. இன்று நல்ல வேட்டை என்று சிரித்துக்கொண்டே நானும் இரண்டை அதன் பக்கம் தள்ளிவிட்டேன். பதினோரு மணிக்கு அது என் உள்ளங்கையில் நடுங்கிச் செத்தது.

3. மேலாளரிடம் முறையிட்டேன். "கரப்பானைப் பாத்துக் கத்துற விருந்தாளி, செத்த குருவிக்காக அழுவாங்களா? போய் வேலையப் பாரு" என்றார். சமையற்காரி மரீஸ் மட்டும், "நீ வாராம இருந்திருந்தா அது வந்திருக்காதுடி" என்றாள். அவள் சொன்னது உண்மை.

4. வெள்ளியன்று விருந்தினர் வருகிறார்கள். ஆகவே வியாழன் விடியுமுன் தீவு முழுக்க மருந்து தூவி, செத்த கரப்பான்களை ஏழு மணிக்குள் வாரி எடுக்க வேண்டும் என்பது உத்தரவு. ஆண் குருவி இப்போது தனியாக இரை தேடிக் குஞ்சுக்கு ஊட்டுகிறது. இவை ஒரு தடவைக்கு ஒரே முட்டைதான் இடும். ஆண் குருவியும் அந்தக் கரப்பானைத் தின்றால் குஞ்சும் பிழைக்காது.

5. நான் வாரமாட்டேன் என்று மேலாளரிடம் சொன்னேன். "நீ இல்லேன்னா வேற ஆளு" என்றார். யார் வாரினாலும் குருவி வரும், ஐயா. அதற்குச் சத்தம்தான் தெரியும், ஆள் தெரியாது.

ஆகவே, நாளை புதன் மாலைப் படகிலேயே தாங்கள் நேரில் வந்து இதைத் தடுத்து நிறுத்துமாறு மன்றாடுகிறேன். என் வேலை போனால் போகட்டும்.

இணைப்பு:
(அ) இறந்த குருவி ஒன்று, காலில் தங்கள் ஆட்கள் மாட்டிய சிவப்பு மஞ்சள் வளையங்களுடன். படகோட்டி அந்த்வானின் மீன்பெட்டியில், பனிக்கட்டிக்கு அடியில் உள்ளது.
(ஆ) இரும்பு வாருகோல் ஒன்று. தீவில் இருப்பது இது மட்டுமே. நான் திருடிவிட்டதாக மேலாளர் தங்களுக்கு எழுதக்கூடும், அது உண்மைதான். மருந்து தூவ மாட்டார்கள் என்று உறுதியாகும்வரை அதைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இடம்: பெத்தித் ரோஸ்
நாள்: அக்டோபர் 14, செவ்வாய்

இப்படிக்கு,
அந்தக் குருவியை அழைத்தவள்,
(ஒப்பம்) ஃபிலோமேன் எஸ்பரோன்